விருப்பப் பட்டியலில் மூன்றாம் இடம்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: எகிப்து தேசம், மஹல்லா நகரம், நூற்பாலைப் பின்தெரு, பதினான்காம் எண் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஆகஸ்ட் மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு, தேசத்தின் எதிர்காலத்தை நிர்ணயிக்கும் உயர்மட்டக் குழு கூடியது. தர்பூசணி இரண்டு, வெள்ளைப் பாலாடைக்கட்டி ஒரு கிலோ, சூரியகாந்தி விதை அளவில்லாமல். மின்விசிறி ஒன்று, அது தலைவரைப் பார்த்து மட்டும் சுற்றியது. விவாதப் பொருள்: என் அக்கா மகள் ஷுரூக், வயது பதினெட்டு, தன் மீதி ஆயுளை என்ன செய்வது. கருத்துச் சொல்ல உரிமை பெற்றோர் ஒன்பது பேர். ஷுரூக்கை டீ கொண்டு வரச் சொன்னார்கள்.

பள்ளி இறுதிப் பரீட்சை முடிவு வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. எங்கள் நாட்டில் முடிவு வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் அரசாங்கத்தின் இணையதளத்தில் தனக்கு வேண்டிய கல்லூரிகளை வரிசையாகப் பதிய வேண்டும். அந்த வரிசைக்கு 'விருப்பங்கள்' என்று பெயர். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கணினி முதல் விருப்பத்திலிருந்து கீழே இறங்கி வரும். மார்க் எங்கே போதுமோ அங்கே நின்றுவிடும். அதற்குக் கீழே இருப்பதை அது எட்டிக்கூடப் பார்க்காது. பட்டியலை முடிக்க அன்று இரவு ஏழு மணி வரை அவகாசம் இருந்தது.

ஷுரூக் வாங்கியது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரை. இதுதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம். எழுபது வாங்கியிருந்தால் யாரும் வந்திருக்க மாட்டார்கள். போனில் "பரவாயில்ல, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு மத்தியானத் தூக்கம் போட்டிருப்பார்கள். தொண்ணூற்றொன்றரை என்பது மருத்துவக் கல்லூரி வாசற்படியில் கால் வைத்த மார்க். போன வருடம் மருத்துவம் தொண்ணூற்றொன்றில் நின்றது.

"டாக்டருக்கு டீ எங்க?" என்று கத்தினார் என் அத்தான் ஷௌகி. ஷுரூக்கின் அப்பா, நூற்பாலையில் மேஸ்திரி.

"எந்த டாக்டருக்கு?" என்று தட்டோடு வந்து நின்றாள் ஷுரூக். "இங்க ரெண்டு பேரு இருக்காங்க. என்னையும் சேத்தா மூணு."

ஒருவர் குழுத் தலைவர், டாக்டர் ரிஃபாத், அத்தானின் அண்ணன். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் காலையில் வரிசையில் நிற்கும் முறையைப் பற்றி எட்டு வருடம் ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர். காய்கறிக்காரனிடம்கூட மேடைமொழியில்தான் பேரம் பேசுவார். இன்னொருவன் நிஜ டாக்டர் ஹாஸிம், அத்தானின் தங்கை நஃபீஸா பெற்ற பிள்ளை. முப்பது மணி நேர ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேராக வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். மருத்துவத்தைப் பற்றிய அந்தக் கூட்டத்தில் மருத்துவம் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அவனை யாரும் எழுப்பவில்லை.

"சகோதரர்களே," என்று தொடங்கினார் ரிஃபாத், "வருங்காலம் என்பது தற்செயலாக நிகழ்வதன்று. அது திட்டமிடப்படுவது. திட்டமிடுதல் என்பது அனுபவத்தின் குழந்தை. அனுபவம் என்பது..."

"பெரியப்பா, டீ ஆறுது," என்றாள் ஷுரூக்.

நஃபீஸா கையிலிருந்த விதைத் தோலை உதறினாள். "எதுக்குப் பேச்சு? என் ஹாஸிமப் பாருங்க. அவன் நடந்து வந்தா தெருவே எந்திரிச்சு நிக்குது."

தெரு நின்றது, ஹாஸிம் குறட்டை விட்டான். தன் பெயர் காதில் விழுந்ததும் திடுக்கிட்டு எழுந்து, "என்ன கேஸ்? ரத்தம் போகுதா?" என்றான்.

"இல்லடா கண்ணு. மருத்துவம் எப்படின்னு உன் மாமா மகளுக்கு எடுத்துச் சொல்லு."

ஹாஸிம் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். "நான் ஜெர்மன் பாஷை படிச்சிட்டிருக்கேன் அத்த, மாமா, எல்லாருக்கும் சொல்லிக்கறேன். டிசம்பர்ல பரீட்சை. பாஸானா ஜெர்மனிக்கே போயிடுவேன்," என்று சொல்லிவிட்டு மறுபடி சாய்ந்தான். குழு இந்தச் சாட்சியத்தைப் பதிவு செய்துகொள்ளவில்லை.

"எனக்கு என்ன வேணும்னு யாராவது கேப்பீங்களா?" என்றாள் ஷுரூக். தட்டை இன்னும் கீழே வைக்கவில்லை. "எனக்கு ஆர்ட்ஸ் காலேஜ். புவியியல். அதுல நில அளவையும் வரைபடமும் இருக்கற பிரிவு."

அந்த அறையில் அவள் ஒரு சிகரெட் கேட்டிருந்தாலும் இவ்வளவு அமைதி விழுந்திருக்காது.

அவள் கேட்டதில் ஒன்றும் விநோதமில்லை என்பது தெருவுக்கே தெரியும். மஹல்லாவில் ஓடும் மைக்ரோபஸ்களுக்கு வழித்தடப் பலகை கிடையாது, எண் கிடையாது. பையன் கதவில் தொங்கிக்கொண்டு கத்துவதுதான் வழித்தடம். இந்தப் பெண் இரண்டு வருடமாக டியூஷனுக்குப் போகிற வழியில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அத்தனை வண்டியிலும் ஏறி இறங்கி, நாற்பத்தோரு தடத்தையும் ஒரே தாளில் ஏழு நிறத்தில் வரைந்துவிட்டாள். டிரைவர்கள் அதை நகலெடுத்து நிறுத்தத்துச் சுவரில் ஒட்டி வைத்தார்கள். நகராட்சி முப்பது வருடமாகச் செய்யாததை ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் செய்தாள். வீட்டில் அதற்குக் கிடைத்த ஒரே விமர்சனம், "மைக்ரோபஸ் எங்க போகுதுன்னு எல்லாருக்கும்தான் தெரியுமே."

"ஆர்ட்ஸா?" என்றார் அத்தான். "அறுபத்தஞ்சு மார்க்குக்கே அது கதவத் தொறந்து போட்டிருக்கு!"

"அப்போ எனக்கும் தொறந்துதானே இருக்கும்."

"மீதி இருபத்தாறரை மார்க்க என்ன பண்றது?"

"கவர்மெண்டுகிட்ட சில்லற கேளுங்க."

"பாத்தியா மச்சான்?" என்று என் பக்கம் திரும்பினார் அத்தான். "இயற்பியலுக்கு ஒருத்தன், வேதியியலுக்கு ஒருத்தன், உயிரியலுக்கு ஒருத்தின்னு வாத்தியார் வீடு வாத்தியார் வீடா அனுப்பினேன். மைக்ரோபஸ் வரையவா?"

"அப்பா, மார்க் என்னோடது."

"உன்னோடதா? உங்கம்மா ஒரு வருஷமா இந்த வீட்டுல டி.வி. போடல. ரமலான் நாடகம் ஒண்ணுகூட பாக்கல. மார்க் எங்க எல்லாரோடதும்!"

என் அக்கா இன்ஸாஃப் அடுக்களை வாசலில் நின்றபடி தலையாட்டினாள். அந்த நாடகங்களை அவள் இன்னும் மறக்கவில்லை.

இப்படியாகச் சொத்து பொதுச்சொத்தானது. பொதுச்சொத்தைப் பங்கு போடுவதில் எங்கள் ஆட்களுக்கு நிகர் யாருமில்லை. வந்தவர்கள் விருந்தாளிகள். விருந்தாளிக்குத் தர்பூசணியில் நடுத்துண்டு கொடுப்பது மாதிரி விருப்பப் பட்டியலிலும் ஆளுக்கொரு விருப்பம் கொடுக்க வேண்டும், யார் மனமும் நோகக்கூடாது என்று முடிவாயிற்று. வரிசை எதன்படி? சென்ற வருட மார்க் நிலவரத்தின்படி என்று நினைத்தால் நீங்கள் எங்களை அறியவில்லை. உறவின்படி, மரியாதையின்படி.

நீர்வாரிய அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் உட்காருகிற உத்தியோகம் என்பதால் பட்டியலைப் பதியும் பொறுப்பு எனக்கு. ஷுரூக் மடிக்கணினியைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். குனிந்து, "மாமா, உங்களுக்குப் புரியும்," என்று மட்டும் சொன்னாள்.

புரிந்தது. அதுதான் விஷயம். அந்த அறையில் அந்தக் கணினி எப்படி வேலை செய்யும் என்று தெரிந்த பெரியவன் நான் ஒருவன்தான். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அன்று மத்தியானம் பொழுது நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ரிஃபாத் பேசப் பேச, மறுநாள் அலுவலகத்தில் சொல்லிச் சிரிக்க மனதில் குறித்துக்கொண்டிருந்தேன்.

முதல் இடம் தலைவருக்கு. "மருத்துவம், நமது மாகாணப் பல்கலைக்கழகம்," என்றார் ரிஃபாத், ஏதோ தானே அதைக் கட்டியவர் மாதிரி. இரண்டாவது நஃபீஸாவுக்கு. "பல் டாக்டர் போடு. நோயாவது தானா ஆறும். பல்லு ஆறாது."

"மூணாவது ஹாஜிக்கு," என்றார் அத்தான்.

ஹாஜி மித்வல்லி கட்டடத்தின் சொந்தக்காரர். எழுபத்தெட்டு வயது. எருமை வியாபாரம் செய்து நாலு மாடி எழுப்பியவர். தர்பூசணியின் மீது மட்டுமே அக்கறை கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். "எனக்கு எதுக்குப்பா?" என்றார் கையை உயர்த்தி. "எனக்கு என்ன தெரியும்? பொண்ணோட தாய்மாமன் இருக்கான்ல. உரிமைப்பட்டவன். வக்தி, நீ உன்னுதப் போடு."

நான் செய்ய வேண்டியிருந்தது, "சரி ஹாஜி" என்று சொல்லி 'ஆர்ட்ஸ்' என்று தட்டுவது. இரண்டே சொல். மருத்துவம் இந்த வருடம் ஒரு மார்க் ஏறும் என்று வண்டிக்காரன் முதற்கொண்டு பேசிக்கொண்டிருந்தான். ஏறினால் பல்லும் கூடவே ஏறும். பிறகு கணினி மூன்றாம் இடத்தில் வந்து நிற்கும். அது அவளுடையதாக இருந்திருக்கும்.

ஆனால் ஒரு பெரியவர் தன் இடத்தை விட்டுக்கொடுத்தால் முதல் சொல்லிலேயே அதை எடுத்துக்கொள்ளும் வழக்கம் எங்களிடம் கிடையாது. லிஃப்ட் வாசலில் நாங்கள் இரண்டு பேர் "நீங்க முதல்ல" சொல்லி முடிப்பதற்குள் லிஃப்ட் மூன்று தடவை போய் வந்துவிடும்.

"அது எப்படி ஹாஜி? நீங்க இருக்கும்போது நானா?"

"சொல்றேன்ல. போடுப்பா."

"நடக்காது ஹாஜி."

"அட, நீ போடு. நான் தர்பூசணி சாப்பிட வந்தவன்."

"அல்லா மேல ஆணையா சொல்றேன், நீங்க சொல்லாம இந்த விரல் அசையாது!"

சொன்ன கணமே தெரிந்தது. ஆணை விழுந்துவிட்டது. இனி அவர் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாவிட்டால் என் சத்தியம் பொய்யாகும், பாவம் அவருக்கு. எல்லோரும் "சபாஷ், தாய்மாமன்னா இப்படி இருக்கணும்" என்றார்கள். நான் வெட்கமில்லாமல் புன்னகைத்தேன்.

ஹாஜி மித்வல்லி விட்டத்தைப் பார்த்தார். விதை ஒன்றைத் துப்பினார். "சரி... மாட்டு வைத்தியம் போடு," என்றார். "போன வருஷம் என் எருமை ஒண்ணு கண்ணு முன்னாலயே செத்துச்சு. ஊர்ல ஒரு நல்ல வைத்தியன் இல்ல."

கால்நடை மருத்துவம். தட்டினேன். நாலாவதாக, என் பங்காக, ஆர்ட்ஸ் தட்டினேன்.

"நாலாவதா?" என்றாள் ஷுரூக் என் தோளுக்குப் பின்னாலிருந்து. குரல் கிழிந்திருந்தது.

"கவலப்படாத," என்றேன். கவலைப்படுவதற்கு அத்தனை காரணமும் தெரிந்திருந்தும் சொன்னேன். "எதுவும் ஆகாது."

அவள் மடிக்கணினியை இழுத்தாள். அத்தான் அவள் கையைத் தட்டிவிட்டார். "பெரியவங்க போட்ட வரிசைய மாத்துவியா? ஹாஜி இங்க உக்காந்திருக்காரு!" மீதி இடங்களும் ஒன்பதுவரை பங்கு போடப்பட்டன. அதன்பின் பட்டியலைத் திறக்கும் ரகசிய எண் எழுதிய அட்டையை அத்தான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏழு மணி அடிக்கும் வரை நெஞ்சில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

முடிவு ஒன்பது நாள் கழித்து வந்தது. மருத்துவம் தொண்ணூற்றிரண்டில் நின்றது. பல் அதற்குக் கால் மார்க் கீழே. கணினிக்கு எருமையும் தெரியாது, ஹாஜியும் தெரியாது. மூன்றாம் இடத்துக்கு வந்தது, மார்க்கைப் பார்த்தது, நின்றது. 'வாழ்த்துகள். கால்நடை மருத்துவக் கல்லூரி.'

அத்தான் பத்து நிமிடம் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். "இதுலயும் மருத்துவம்னு இருக்குல்ல?" என்றார். "அதுவும் டாக்டர்தான்!" நஃபீஸா அதை உடனே உறுதிசெய்து ஜன்னலைத் திறந்து குலவையிட்டாள். தெருவெல்லாம் சிவப்புச் சர்பத் கொடுத்தார்கள். மறுநாள் காலை கட்டடத்துக்கும் எதிர்க் கட்டடத்துக்கும் நடுவே ஒரு பேனர் தொங்கியது: 'டாக்டர் ஷுரூக் ஷௌகியை வாழ்த்துகிறோம்.' எந்த டாக்டர் என்று எழுதத் துணியில் இடமில்லை என்றார் அத்தான். துணி ஆறு மீட்டர்.

மூன்றாம் நாள் நாலாம் மாடிக்காரி மொட்டைமாடியில் வளர்க்கும் வாத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள். "டாக்டரம்மா, ரெண்டு நாளா இரை எடுக்கல, கொஞ்சம் பாரு."

ஷுரூக் வாத்தைப் பார்த்தாள். வாத்து ஷுரூக்கைப் பார்த்தது. அவள் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். நான் தட்டினேன்.

"போங்க மாமா."

"ஷுரூக், நான் சொல்றதக் கேளு..."

கதவு திறந்தது. நான் எதிர்பார்த்த அழுகை இல்லை. கண் காய்ந்து ஜொலித்தது. "நீங்க எல்லாத்தையும் பாத்துச் சிரிப்பீங்க. பெரியப்பா பேசினா சிரிப்பீங்க, அத்த பேசினா சிரிப்பீங்க. எனக்கும் சின்ன வயசுலேர்ந்து உங்களத்தான் புடிக்கும். அவங்க ஒண்ணும் தெரியாம பண்ணாங்க மாமா. நீங்க தெரிஞ்சே பண்ணீங்க. ஒரு கிழவரு மனசு நோகக்கூடாதுன்னு என் வாழ்க்கைய எடுத்து அவருக்கு டீ மாதிரி நீட்டினீங்க. அவரு வேண்டாம்னுகூட சொன்னாரு. சத்தியம் பண்ணி வாயில ஊத்துனீங்க!"



ஒரு வழி இருந்தது; அவளே தேடிக் கண்டுபிடித்தாள். அதிக மார்க்குள்ள கல்லூரி கிடைத்தவர்கள் குறைந்த மார்க்குள்ள கல்லூரிக்கு மாறிக்கொள்ளலாம். மாறுவது அபூர்வம், ஏனென்றால் யாருக்கும் புத்தி கெட்டுப்போகவில்லை. செப்டம்பர் கடைசிக்குள் மாகாணப் பல்கலைக்கழகத்துக்குப் போய் விண்ணப்பிக்க வேண்டும். இது தெரிந்ததும் அத்தான் அண்ணனைக் கூப்பிட்டார். ரிஃபாத் உடனே தீர்ப்பு வழங்கினார்: "தகப்பனாரின் கையொப்பமின்றி அது சாத்தியமே அன்று. பல்கலைக்கழக விதிகளை நான் அறிவேன். அவற்றோடு வாழ்ந்தவன் நான்."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார் அத்தான். கூட்டம் முடிந்தது.

ஒரு மாதம். அந்த ஒரு மாதம் நான் நாலு தடவை அத்தானிடம் போனேன். முதல் தடவை பேச்சை மாற்றினார். இரண்டாம் தடவை கால்நடை மருத்துவர்களின் சம்பளத்தைப் பற்றி ஹாஜி சொன்னதைச் சொன்னார். மூன்றாம் தடவை, "உன் பொண்ணா இருந்தா விடுவியா?" என்றார், எனக்குப் பிள்ளைகள் இல்லை என்பதை இருவரும் மறந்துவிட்ட மாதிரி இருந்தோம். நாலாம் தடவை ஆலை வாசலில் பிடித்தேன். காதில் பஞ்சுத்தூசியோடு வந்தார்.

"முப்பது வருஷம் வக்தி," என்றார். "முப்பது வருஷமா இந்த மெஷினுங்க முன்னால நிக்கறேன். மேனேஜர் 'ஏ ஷௌகி'ன்னுதான் கூப்பிடுவான், என் மகன் வயசு அவனுக்கு. பேனர் கட்டின மறுநாள் 'வாங்க, டாக்டரோட அப்பா'ன்னான். நாற்காலி போட்டான். அத நானே கையெழுத்துப் போட்டு அவுக்கச் சொல்றியா?"

அன்று சாயங்காலம் வீட்டில் இதை அவர் மறுபடி சொன்னபோது ஷுரூக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாற்காலிக்கா?" என்றாள். "ஒரு நாற்காலிக்கா அப்பா அஞ்சு வருஷம் நான் மாட்டு வயித்துக்குள்ள கைய விடணும்?"

"மரியாத பேசு!"

"மரியாதையா? எல்லாருக்கும் மரியாத குடுத்தீங்களே! ஹாஜிக்கு ஒரு இடம், அத்தைக்கு ஒரு இடம், வராத பக்கத்து வீட்டு எஞ்சினியருக்குக்கூட ஒன்பதாவது இடம். நான் ஒருத்திதான் இந்த வீட்டுல விருந்தாளி இல்ல! நீங்களே போய் சேருங்கப்பா. டாக்டராகுங்க. நான் பேனர் கட்டறேன், பன்னெண்டு மீட்டருல!"

அத்தான் கையை ஓங்கினார். அக்கா குறுக்கே வந்து நின்றாள். கை இறங்கியது. ஆனால் பேனா எடுக்கவில்லை.

மறுநாள் ஷுரூக் என் அலுவலகத்துக்கே வந்தாள். பையிலிருந்து ஒரு நோட்டைப் பிரித்தாள். பக்கம் முழுக்க அத்தானின் கையெழுத்து. கோணல் வால், நடுவே ஒரு சுழி, மேலே நூல் அறுந்த மாதிரி ஒரு கோடு. நாற்பது முறை. முதல் வரிசையில் தடுமாறியது, கடைசி வரிசையில் அத்தானே பார்த்தாலும் தன்னுடையது என்று ஒப்புக்கொள்வார். நாற்பத்தோரு தடத்தை வரைந்த கைக்கு ஒரு மேஸ்திரியின் கையெழுத்து எம்மாத்திரம்.

"ஷுரூக், இது போர்ஜரி."

"ஆமா. நீங்க கூட வரணும். கேட்டா தாய்மாமன், நான் பாத்தேன், அவரு என் கண்ணு முன்னாலதான் போட்டாருன்னு சத்தியம் பண்ணணும்." அவள் என்னை நேராகப் பார்த்தாள். "சத்தியம் பண்றதுதான் உங்களுக்கு வருமே."

மேஜை மேலிருந்த லீவு தாளை எடுத்து நிரப்பினேன்.

செப்டம்பர் இருபத்தாறு, வியாழக்கிழமை. பல்கலைக்கழகத்தில் மாணவர் விவகார அலுவலகம் என்று எழுதியிருந்த வராந்தாவில் ஒரே ஒரு ஜன்னல் திறந்திருந்தது. முன்னால் முப்பது பேர். இரண்டு மணி நேரம் நின்றோம். என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அத்தானின் பெயரில் அவள் எழுதி, அவர் கையெழுத்தையும் போட்ட சம்மதக் கடிதம் மடித்தபடி என் பையில் இருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் ஓரம் நசுங்கிவிட்டது. சத்தியத்தை மனதுக்குள் மூன்று விதமாக ஒத்திகை பார்த்தேன்.

எங்கள் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நடுத்தர வயது அம்மாள், ஒரு கையில் பொரித்த அவரைப்பருப்பு உருண்டை வைத்த ரொட்டி. மற்றொரு கையால் மார்க் தாளை வாங்கினார். படித்தார். மென்றுகொண்டிருந்தது நின்றது.

"தொண்ணூத்தொண்ணரையா? கால்நடையிலேர்ந்து ஆர்ட்ஸுக்கா?" என்றார். "ஏம்மா, உனக்கு யாராச்சும் செய்வினை வச்சிட்டாங்களா?"

"இல்ல மேடம்."

"எங்க அக்கா பொண்ணு எம்பத்தொம்பது. கால்நட கிடைக்கலன்னு ஒரு வாரம் சாப்பிடல. நீ..."

"மேடம், அந்தப் பொண்ணு தப்பு பண்ணுது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கைக்குட்டையை உதறியபடி ஒரு தகப்பன். "மார்க் வீணாகுதே. ஏங்க, நீங்க அப்பாவா? எடுத்துச் சொல்ல மாட்டீங்களா?"

"எங்க காலத்துல இந்த மார்க்குக்கு ஊர்வலமே விடுவாங்க," என்றான் வாசல் காவலாளி. அவன் வரிசையை ஒழுங்குபடுத்துவதை விட்டுவிட்டுக் கருத்துச் சொல்லவே வந்திருந்தான். "மருந்தியல் கேளு தங்கச்சி. மருந்துக்கடைல ஏ.சி. உண்டு."

குழு மறுபடியும் கூடிவிட்டது. தர்பூசணி மட்டும்தான் இல்லை. ஷுரூக்கின் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியில் அடித்தாள்.

"எனக்கு யோசனை வேண்டாம்!" என்று கத்தினாள். "பிறந்ததுலேர்ந்து யோசனைதான் கேட்டுட்டிருக்கேன்! காவல்காரர் சொல்லிட்டாரு, ரொட்டி தின்றவங்க சொல்லிட்டாங்க, பேர் தெரியாதவரு சொல்லிட்டாரு, எருமைக்காகக்கூட ஒருத்தர் சொல்லிட்டாரு. எனக்கு முத்திரை வேணும். உங்ககிட்ட முத்திரை இருக்கா, இல்லையா?"

அம்மாள் ரொட்டியைக் கீழே வைத்தார். முகம் இறுகியது. போச்சு என்று நினைத்தேன். அவசரமாகச் சம்மதக் கடிதத்தை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன். "மேடம், அவங்கப்பா கையெழுத்து. என் கண்ணு முன்னாலதான் போட்டாரு, அல்லா மேல..."

"இது என்ன?" என்றார் அந்த அம்மாள்.

"தகப்பனார் சம்மதம்."

"எதுக்கு?"

கடிதத்தை என் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டு, ஷுரூக்கிடம் ஒரு பக்கப் படிவத்தை நீட்டினார். பெயர், மார்க், இருந்த கல்லூரி, போகும் கல்லூரி, மாணவர் கையொப்பம். ஷுரூக் நின்றபடியே நிரப்பினாள். முத்திரை விழுந்தது.

மொத்தம் நாலு நிமிடம் ஆனது. அந்தப் படிவத்தில் தகப்பனார் கையெழுத்துக்கு இடமே இல்லை.